அறுபது மீட்டர் ஆழத்துத் தண்ணீர்

பம்ப் குழாயிலிருந்து வாளியில் விழும் தண்ணீர் லேசாக ரோஸ் நிறமா, தன் கண்தான் அப்படிக் காட்டுகிறதா என்று பொன்ரேகாவுக்குப் பிடிபடவில்லை. முதலில் பார்த்தபோது இருந்தது. கண்ணை மூடித் திறந்தபோது இல்லை. போட்டிருந்த துப்பட்டா மெரூன் நிறம், அதன் சாயல்தான் வாளிக்குள் அடிக்கிறதோ என்று அதை முதுகுப் பக்கம் தள்ளி முடிந்துகொண்டு மறுபடி குனிந்தாள். இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய் துளை போடும் லாரியின் நிழலில் வைத்தாள். அங்கே வெறும் தண்ணீர், கொஞ்சம் பழைய தண்ணீர், அவ்வளவுதான். வெயிலுக்குக் கொண்டுவந்தால் திரும்பவும் ஏதோ ஒன்று, நிறம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்படியாக இல்லை, ஆனால் இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கையில் இருந்த பாட்டில் காலியாக இருந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று அவள் சொன்னால் அதை நிரப்பி மூடி ஒட்டி ஜெய்ப்பூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம். தெளியவில்லை என்றால் அனுப்பக் கூடாது. இடையில் மூன்றாவதாக ஒரு சொல் இருந்தால் நன்றாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஆஜர், ஆஜர் இல்லை இரண்டுக்கும் நடுவே யாரும் எதுவும் சொன்னதில்லை, அவள்கூட பல நாள் வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்கியிருக்கிறாள், டீச்சர் பார்க்காமல் ஆப்சென்ட் போட்டிருக்கிறார், அதையும் அவள் போய்ச் சொன்னதில்லை. சுற்றிலும் ராஜஸ்தானத்துக் காரோடி ஏரி, ஏரி என்று பெயர், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று உப்புத் தரை, வெகு தூரத்தில் மட்டும் தேங்கிய தண்ணீர், அது ரோஸ், அதில் சந்தேகமே இல்லை, யார் வந்து பார்த்தாலும் ரோஸ். அந்தத் தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெயிலைக் குடித்து அந்த நிறத்தைக் கொடுக்கின்றன என்று கல்லூரியில் படித்திருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் நிச்சயமாகத் தெரிகிற நிறம் காலடியில் வாளிக்குள் ஏன் தெரிய மாட்டேன் என்கிறது? ஜெனரேட்டர் சத்தம் காதுக்குள் புகுந்து எண்ணங்களை உலுக்கிக்கொண்டே இருந்தது. இந்தச் சத்தம் நின்றால் நிறம் தெரிந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்துவிட்டு, காதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தன்மேலேயே கோபப்பட்டாள்.

ஆராவமுதன் சார் கேட்கப்போவது ஒரே கேள்வி. தெளிஞ்சுதாம்மா? அவ்வளவுதான் கேட்பார். சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று முகாமுக்குப் போயிருக்கிறார், அங்கேதான் சாட்டிலைட் போன் இருக்கிறது, டெல்லி ஆபீசில் காத்திருக்கிறார்கள். இது அவருக்கு மூன்றாவது ஏரி. முந்தைய இரண்டிலும் துளை போட்டு, தண்ணீர் எடுத்து, கணக்குப் போட்டு, லித்தியம் எடுக்கும் அளவுக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். இதிலும் மேல் அடுக்குகளில் ஒன்றுமில்லை, லிட்டருக்கு முப்பது மில்லிகிராம், நாற்பது மில்லிகிராம், எடுக்கிற செலவுக்குக் கட்டாது. அறுபது மீட்டருக்குக் கீழே இருக்கும் மணல் அடுக்கில்தான் போன வாரம் முதல் பாட்டில் எடுத்தார்கள், பொன்ரேகா காய்ச்சலில் படுத்திருந்ததால் சாரே நின்று எடுத்தார், அது இருநூற்றுப் பத்து என்று வந்தது. சார் முகாம் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். காய்ச்சல் வாயில் ஜிலேபி கசந்தது, அதையும் அவள் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது சார் என்று தின்றாள். ஒரு பாட்டிலை நம்பிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, இரண்டாவது பாட்டிலும் ஒத்து வர வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாவது பாட்டில்தான் இப்போது அவள் கையில். ஒத்து வந்தால் ஏரி பிழைக்கும், குழு பிழைக்கும், அவளுடைய வேலை நிரந்தரமாகும், சார் ஓய்வு பெறும்போது பேர் சொல்ல ஒரு ஏரி இருக்கும். வராவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் ஒரு சாயத்தில் வந்து நிற்கிறது. துளை போடும்போது பூமிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே போக வேண்டும். நல்ல தண்ணீரை விட்டால் உப்பு கரைந்து துளையே இடிந்துவிடும் என்று பக்கத்து உப்பளத்தில் உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை டேங்கரில் கொண்டுவந்து விட்டார்கள். விட்ட தண்ணீர் எது, பூமிக்குள் இருந்த தண்ணீர் எது என்று பிறகு பிரித்துச் சொல்ல வேண்டுமே, அதற்காக விடும் தண்ணீரில் சாயம் கலப்பார்கள். மேலே வருகிற தண்ணீரில் சாயம் இருந்தால் அது நாம் ஊற்றியது, சாயம் போய்த் தெளிந்தால் அது பூமியினுடையது. பச்சைச் சாயம் கேட்டிருந்தார்கள், வரவில்லை. ஊரில் சேலைக்குச் சாயம் போடுகிறவரிடம் ரோஸ் சாயம் வாங்கி வந்தார் டிரைவர். ரோஸ் ஏரியில் ரோஸ் சாயம். டப்பாவைத் திறந்து கலந்தது பொன்ரேகாதான். கரண்டியைப் பிடித்தபடி ஏரியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், சார் யோசிக்காமலா இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா யோசித்திருப்பார். அப்பாவுக்கு நிறங்களோடுதான் பிழைப்பு. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார், விரல் நகத்துக்குள் எப்போதும் ஒரு நிறம் இருக்கும், பெரும்பாலும் நீலம், தீபாவளி நெருங்கினால் சிவப்பு. சின்ன வயதில் லீவு நாளில் அவருக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போவாள். காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், லட்சுமியின் சேலை போன வருடச் சிவப்பு இல்லை என்பார்கள், அப்பா அதே சிவப்புதான் அண்ணாச்சி என்பார், டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது வாசல் வெயிலில் வேறாகத் தெரியும், ஒரு கூட்டமே தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கும். கடைசியில் யாராவது, சின்னப் புள்ள பொய் சொல்லாது, அதைக் கேப்போம் என்பார்கள். பாப்பா, எதுல சிவப்பு கூட? இரண்டு தாளையும் அவள் முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். அவள் தாளைப் பார்க்கவே மாட்டாள். தாளுக்கு மேலே இருக்கும் முகத்தைப் பார்ப்பாள். வந்தவர் எந்தக் கைப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறார், அப்பா எதைக் கொஞ்சம் உயரத் தூக்கியிருக்கிறார், அன்றைக்கு அப்பா ஜெயிக்க வேண்டுமா, இல்லை வந்தவரை ஜெயிக்க விட்டுவிட்டு அப்பா ஆர்டரைக் காப்பாற்ற வேண்டுமா, அதெல்லாம் அந்த முகங்களிலேயே இருக்கும். இது, என்று விரலை நீட்டுவாள். எல்லோருக்கும் சந்தோஷம். மெஷின்மேன் தனுஷ்கோடி மகளுக்கு நல்ல கண்ணு என்று ஊரே சொன்னது. நல்ல கண் என்று சொல்லிச் சொல்லித்தான் மண்ணையும் கல்லையும் பார்த்துச் சொல்கிற படிப்பில் சேர்த்தார்கள். கல்லூரியிலும் பாறைத் துண்டை நீட்டும்போது பேராசிரியரின் புருவத்தைத்தான் முதலில் பார்த்தாள், பிறகுதான் பாறையை. எல்லாவற்றையும் பார்ப்பாள், பார்த்ததை வெளியே எடுக்கும்போது மட்டும் எதிரில் ஒரு முகம் வேண்டும். இப்போது எதிரில் முகம் இல்லை. சார் இருந்தால் தெரிந்துவிடும். அவர் ஜீப்பை விட்டு இறங்கி வரும் வேகத்திலேயே இந்தத் தண்ணீர் தெளிந்துவிடும், அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் வருவதற்குள் இது என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வந்தபின் இதற்கு நிறமே இருக்காது.

முகம் என்று பார்த்தால் செங்கோட்டுவேல் இருந்தார். திருச்செங்கோட்டு லாரி, திருச்செங்கோட்டு ஆட்கள், இந்தியா முழுக்க போர் போடுகிறவர்கள். அவர் லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்து தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் அம்மணி, தண்ணிக்கு ஜாதகம் பாக்கறீங்களா? அதுக்கு மாப்ள பாக்கப் போறதில்லீங்,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடு சேர்த்து எப்படியோ கேட்டுவிட்டாள், அண்ணா, இது ரோஸா இருக்கா என்று. அவர் எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் வாளியைப் பார்த்தார். இருக்குங் என்றார். பிறகு இல்லீங் என்றார். பிறகு, எனக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் நிச்சயமுங்க, சம்சாரம் மாந்துளிர் கலர் சேலை கேட்டு மூணு தடவை கடைக்கு நடந்தவன் நான் என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் அது ஏரியோட நிறமா இருக்குமுங்க, ஏரியே அப்படி இருக்கறப்ப தண்ணி மட்டும் எப்படி இருக்கும், சாயம்னு ஏன் நெனைக்கறீங்க என்று கேட்டுவிட்டு மறுபடி டயருக்குப் போய்விட்டார். அது அவளைப் பிடித்துக்கொண்டது. ஏரியின் நிறம். அப்படியானால் அது சாயம் இல்லை, சாயம் இல்லையென்றால் தெளிந்தது, தெளிந்தது என்றால் நிரப்பலாம். பாட்டிலின் மூடியைத் திருகினாள். திருகிய கை நின்றது. சாயமாக இருந்தால்? ஏரியாக இருந்தால்? சாயம். ஏரி. அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டாள், மத்தியானத்திலிருந்து அதே அளவு, ஒரு கோடுகூட ஏறவில்லை இறங்கவில்லை. மாறாமல் நின்றால் பூமித் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம், எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. மனம் தானாகவே பெருக்கத் தொடங்கியது. ஏரியின் பரப்பு, மணல் அடுக்கின் கனம், அந்த மணல் விட்டுக்கொடுக்கும் தண்ணீர், அந்தத் தண்ணீரில் லித்தியம். மணல் எவ்வளவு தண்ணீரை வைத்திருக்கிறது என்பது கணக்கே இல்லை, எவ்வளவை வெளியே விடும் என்பதுதான் கணக்கு, துவைத்துப் போட்ட சுடிதார் சொட்டி முடித்தபின்னும் ஈரமாகவே இருப்பது மாதிரி பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பத்து என்று போட்டபோது கடைசிக் கட்டத்தில் வந்த எண்ணுக்குப் பின்னால் பூஜ்யங்கள் கட்டத்துக்குள் அடங்காமல் போனதைப் பார்த்தாள், பக்கத்தில் சார் மூச்சு விட்டது கேட்டது. நாற்பது என்று போட்டால் கட்டம் காலியான மாதிரி சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாளித் தண்ணீர்தான். சாயம். ஏரி. தலை வலித்தது. இந்த வெயிலில் காய்ச்சல் திரும்ப வந்திருக்குமோ, காய்ச்சல் கண்ணுக்கு எல்லாமே சிவப்பாகத் தெரியும் என்பார்களே, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கையும் சுட்டது, எதை வைத்து எதை அளப்பது.

ஏரிக்கு ஏன் ரோஸ் என்று தன்னையே கேட்டுக்கொண்டது எதற்கென்று அவளுக்குத் தெரியாது, சும்மா இருக்க முடியாமல்தான். வெயிலால், என்று பதில் வந்தது. அந்த உயிர்கள் வெயிலைக் குடிக்கின்றன. அறுபது மீட்டர் ஆழத்து மணலுக்குள் வெயில் எப்போது போனது? யுகக் கணக்கில் இருட்டு. இருட்டில் ஊறிய தண்ணீருக்கு ரோஸ் நிறம் எங்கிருந்து வரும்? அவள் வாளியை விட்டு நிமிர்ந்தாள். சாயமாக இருந்தால் நாம் மேலிருந்து ஊற்றியது. ஏரியின் நிறமாக இருந்தால் அதுவும் மேலிருந்து இறங்கியது. இரண்டில் எது என்று மத்தியானத்திலிருந்து மாய்ந்துகொண்டிருக்கிறாள், எதுவாக இருந்தாலும் இது ஆழத்துத் தண்ணீர் இல்லை. இது தெரிந்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, ஏனென்றால் உடனே இன்னொன்று வந்து நின்றது, ரோஸ் இருந்தால்தானே இதெல்லாம், ரோஸே இல்லையென்றால்? மறுபடி குனிந்தாள். இல்லை. இருக்கிறது. சீ என்று வந்தது. வாளியைப் பார்க்கவே பிடிக்காமல், அதில் வழிந்து ஓடும் தண்ணீரின் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனாள். வழிந்த தண்ணீர் உப்புத் தரையில் விரல் அகலத்துக்கு ஒரு ஓடையாக ஓடி, துளைக்குப் பக்கத்திலேயே வெட்டியிருந்த குழிக்குள் விழுந்தது. திருச்செங்கோட்டு ஆட்கள் எங்கே போனாலும் குழியைத் துளையை ஒட்டித்தான் வெட்டுவார்கள், ஹோஸ் நீளம் மிச்சம். அவர்கள் ஊரில் கீழே கருங்கல், குழியில் விட்ட தண்ணீர் குழியில் நிற்கும், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். இங்கேயும் யாரும் சொல்லவில்லை, சாரும் பார்த்தார், அவளும் பார்த்தாள், அடியில் விரித்த தார்ப்பாய் ஓரத்தில் கிழிந்திருந்ததைக்கூடப் பார்த்தாள். ஒரு காக்கிக் குல்லாய் குழித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, யாரோ தவறவிட்டது. அது குழியின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் களிமண் பட்டையை ஒட்டி நின்றது. மத்தியானம் பம்ப் போட்டபோதும் அந்தப் பட்டையை ஒட்டித்தான் நின்றது. இத்தனை நேரம் பம்ப் இறைத்த தண்ணீர் முழுவதும் இந்தக் குழிக்குள்தான் விழுந்திருக்கிறது, குழி எப்போதோ நிரம்பி வழிந்திருக்க வேண்டும், வாய்க்கால் வெட்டி விட்டிருக்க வேண்டும், யாரும் வெட்டவில்லை, யாருக்கும் வெட்டத் தோன்றவில்லை, ஏனென்றால் தேவைப்படவில்லை. ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.  குழியிலிருந்து துளைக்கு, துளையிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து குழிக்கு. ஒரே தண்ணீர். இரும்புக் குழாய்க்கு வெளியே இடுக்கில் இறங்கி அடிவரை போய் மேலே வந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் அடர்த்தி மாறவில்லை, தன்னையே சுற்றிக்கொண்டிருக்கிற தண்ணீர் எப்படி மாறும், சாயம் மட்டும் குழி வெயிலில் வெளுத்துப்போயிருக்கும். அந்தத் தண்ணீர் உப்பளத்துப் பாத்தியின் கசப்பு நீர், வெயிலில் வற்றி வற்றி உப்பெல்லாம் போய் மற்றதெல்லாம் செறிந்து நிற்கும் நீர், அதில் லித்தியம் ஏறித்தான் இருக்கும். இருநூற்றுப் பத்து என்பது இதுதான். பாத்தியிலிருந்து டேங்கரில் வாங்கி ஊற்றியதையே பூமியிடமிருந்து கிடைத்ததாக எடுத்து, ஏரி முழுக்கப் பரப்பிப் பெருக்கி, ஜிலேபி தின்றிருக்கிறார்கள்.

ஜீப் வந்து நின்றது. ஆராவமுதன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கினார், நாளைக்கு டெல்லியில் கூட்டமாம், இன்றைக்கே எண்ணைக் கேட்கிறார்களாம், இரண்டாவது பாட்டில் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும்வரை பொறுக்க மாட்டார்களாம், தண்ணீர் தெளிந்துவிட்டது என்று இங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னால் முதல் பாட்டிலை வைத்தே போட்டுக்கொள்கிறார்களாம். “தெளிஞ்சுதாம்மா?” என்றார். எதிர்பார்த்தபடியே அவர் முகம் இருந்தது. அதற்குள் ஒரு பதில் தயாராக இருந்தது, அவள் விரலை நீட்டினால் போதும்.  தெரியலை சார் என்றாள். அவர் குனிந்து வாளியைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான இருக்கு, எங்க ரோஸ், சாயங்கால வெயில் அப்படித்தான் தெரியும் என்றார். செங்கோட்டுவேலும், ஏரிக் கலருங்க சார் அது, நான் அப்பவே அம்மணிகிட்டச் சொன்னேன் என்றார். “நிறம் எனக்கு இப்பவும் தெரியலை சார்,” என்றாள் அவள். குரல் தன்னுடையது போல இல்லை, பக்கத்தில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. “குழி நிறையலை சார்.” அவருக்கு உடனே புரியவில்லை. எந்தக் குழி என்று கேட்டுக்கொண்டே திரும்பினார். பிறகு புரிந்தது. அவர் போய்க் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார், பேண்ட் உப்பில் பட்டது, கவனிக்கவில்லை. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் குழிக்குள் விழுந்துகொண்டே இருந்தது. அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தால் எழவில்லை. செங்கோட்டுவேல் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குழியைத் தள்ளி வெட்டித் தந்தர்றனுங்க சார், கேசிங் குழாயைச் சுத்திச் சிமெண்ட் போட்டு அடைச்சர்லாம், நாலு நாள் வேலைதான் என்றார் தணிந்த குரலில். சார் பொன்ரேகாவைப் பார்த்து, அப்போ கீழே என்னதான் இருக்கு என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருநூறு இருக்கலாம், இருபது இருக்கலாம், நாலு நாள் கழித்துத்தான் தெரியும், நாலு நாள் டெல்லி பொறுக்குமா என்பது தெரியாது, சரியாகத்தான் சொல்கிறேனா என்பதுகூட முழுசாகத் தெரியாது, குழிக்கு அடியில் வேறு ஏதாவது பள்ளம் இருந்து தண்ணீர் அங்கே போய்விட்டிருந்தால்? ஏதாவது சொல்லி அந்த முகத்தைச் சரிசெய்துவிடலாம் என்று அவளுக்குள் ஒன்று துடித்தது. காலிப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். சார் முகாமிலிருந்து கொண்டுவந்திருந்த சாட்டிலைட் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், எண்களை அழுத்தினார், காதில் வைத்தார், மணி அடிப்பது வெளியே கேட்டது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. போனை அவள் பக்கம் நீட்டினார். கட்டளை மாதிரி இல்லை, முடியவில்லை என்பது மாதிரி நீட்டினார். பொன்ரேகா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அங்கே ஒரு ஆண் குரல் என்ன எண் போடட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டது, பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், கப்புகள் வைக்கிற சத்தம். அறுபது மீட்டர் ஆழத்துத் தண்ணீர் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை, நாங்கள் ஊற்றியதைத்தான் திரும்ப எடுத்திருக்கிறோம், முதல் பாட்டிலையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று அவள் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அப்படியானால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது, பூஜ்யமா என்று குரல் கேட்டது. பூஜ்யம் இல்லை, என்றாள் அவள், பூஜ்யம் என்றும் எங்களுக்குத் தெரியாது, காலியாக விடுங்கள்.